நோட்டு குடுக்குறதுதான் தொண்டா? உள்ளூர் ட்ரஸ்ட் ஒண்ணு புள்ளைங்க படிப்புக்கு உண்மையில என்ன பண்ணுது

ஜூன் மாசம் பள்ளிக்கூடம் தொறந்தா போதும், வாட்ஸ்ஆப் ஸ்டேட்டஸ் பூரா ஒரே மாதிரி போட்டோதான். ஒரே ஒரு பேக்கை நாலு பெரிய மனுஷங்க சேந்து புடிச்சிட்டு நிப்பாங்க, நடுவுல அந்தப் புள்ள எந்த போனைப் பாக்குறதுன்னு தெரியாம முழிச்சிட்டு நிக்கும். இதைப் பாத்துப் பாத்து நம்ம ஆளுங்க ரெண்டு கட்சியா ஆயிட்டாங்க. ஒரு கட்சி "ஏழப் புள்ளைக்கு நோட்டு பேனா வாங்கிக் குடுத்தா அது பாட்டுக்குப் படிச்சிரும்"னு நம்புது, இன்னொரு கட்சி "ட்ரஸ்ட்டுன்னாலே கருப்பை வெள்ளையாக்குற வேலப்பா"ன்னு ஒரே போடா போட்டுட்டு டீயைக் குடிச்சிட்டுப் போயிருது.

நான் நாகப்பட்டினம் பக்கம் ஒரு சின்ன ட்ரஸ்ட் நடத்துற சாயங்கால வகுப்புக்கு சில வருஷமா போய்ட்டு வர்றேன். சம்பளம் கிடையாது, டீ உண்டு. ரெண்டு கட்சியுமே விஷயத்தைத் தொடவே இல்லைங்கிறது என் எண்ணம், அதான் இதைப் புதுசா கேக்குறவங்களுக்கும் புரியுற மாதிரி எழுதிப் பாக்கலாம்னு உக்காந்தேன்.

## மொதல்ல ஒரு தண்ணிக் கதை

வழக்கமா ஜூன் 12 மேட்டூர் தொறப்பாங்க, டிவியில பூ தூவுறதைக் காட்டுவாங்க. சரி, அன்னைக்கே எங்க ஊரு வயலுக்குத் தண்ணி வந்துருமா? எங்க பக்கம் கடைமடை. கல்லணை தாண்டி ஆறு, ஆத்துலருந்து வாய்க்கா, வாய்க்கால்லருந்து கிளை வாய்க்கான்னு பிரிஞ்சு பிரிஞ்சு வந்து சேரணும். அதுல ஒரு எடத்துல ஆகாயத்தாமரை மண்டிக் கெடக்கும், ஒரு எடத்துல மதகு பலகை ஒடைஞ்சிருக்கும், இன்னொரு எடத்துல எவனோ வீடு இடிச்ச மண்ணைக் கொண்டாந்து கொட்டியிருப்பான். அணை நெறைய தண்ணி இருந்தாலும், மண்வெட்டியோட நாலு பேரு எறங்கி அந்த ஒரு அடைப்பை எடுக்கலன்னா கடைசி வயலு காய்ஞ்சுதான் கெடக்கும்.

படிப்பும் அப்படியே. அரசுப் பள்ளியில பாடப்புத்தகம், நோட்டு, சீருடை, பை, செருப்பு, பஸ் பாஸ் எல்லாம் இலவசமா வருது. மத்தியானச் சாப்பாடு காமராஜர் காலத்துல 1956-லயே மாநிலம் முழுக்கக் கொண்டுவந்தாங்க, எம்.ஜி.ஆர். 1982-ல அதைச் சத்துணவா பெருசாக்குனாரு, காலைச் சாப்பாடு 2022-ல மதுரையில ஆரம்பிச்சு, 2023 ஆகஸ்ட் 25-ந் தேதி எங்க மாவட்டத்து திருக்குவளையில வச்சு எல்லா அரசு தொடக்கப் பள்ளிக்கும் விரிவாக்குனாங்க. இதெல்லாம் மேட்டூர் தண்ணி. எந்தத் தனி ட்ரஸ்ட்டாலயும் இந்த அளவுக்குப் பண்ணவே முடியாது, பண்ணவும் வேண்டாம்.

அப்போ ட்ரஸ்ட்டுக்கு என்ன வேலை? அடைப்பு எடுக்குற வேலை. எந்த வாய்க்கால்ல எந்த எடத்துல அடைச்சிருக்குன்னு மேட்டூர்ல உக்காந்திருக்குற இன்ஜினியருக்குத் தெரியாது, அந்த ஊர்க்காரனுக்குத்தான் தெரியும். உள்ளூர் தொண்டு நிறுவனம்ங்கிறதுல அந்த "உள்ளூர்"தான் முக்கியமான சொல்லு.

இதுவரைக்கும் சொன்னது இவ்வளவுதான்: திட்டம் நெறைய இருக்கு, அது கடைசிப் புள்ள கைக்குப் போறதுக்கு முன்னாடி சின்னச் சின்ன அடைப்பு இருக்கு, உள்ளூர் ட்ரஸ்ட் அந்த அடைப்புல வேலை செய்யுது.

## ஃப்ரீ தானே, அப்புறம் என்ன செலவு?

இங்கதான் நெறைய பேரு குழம்புறாங்க. ஃபீஸ் இல்லைன்னா செலவே இல்லைன்னு நெனைக்கிறாங்க. கல்யாணத்துக்குப் போறோம், சாப்பாடு ஃப்ரீதான், ஆனா பஸ் காசு, அன்னைக்குப் போன கூலி, மொய்யி, சட்டை இஸ்திரின்னு கணக்குப் போட்டுப் பாருங்க. இந்த மாதிரி கண்ணுக்குத் தெரியாத செலவை மறைமுகச் செலவுன்னு சொல்லலாம். காசு மட்டும் இல்ல, அலைச்சலும் நேரமும் அதுல சேத்தி.

ஒரு உதாரணம் கிட்டக்க போய் பாப்போம். எட்டாவது படிக்கிற அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளிப் புள்ளைங்களுக்கு என்.எம்.எம்.எஸ்.னு ஒரு பரீட்சை இருக்கு, மத்திய அரசோட உதவித்தொகை. தேறிட்டா 9-லருந்து 12 வரைக்கும் வருஷத்துக்கு 12,000 ரூபா, நாலு வருஷத்துக்கு 48,000 ரூபா பேங்க்ல நேரா விழும். வீட்டு வருமானம் வருஷத்துக்கு மூன்றரை லட்சத்துக்குள்ள இருக்கணும். கூலி வேலைக்குப் போற குடும்பத்துக்கு இது சின்னக் காசு இல்ல.

எங்க வகுப்புல ஒரு பொண்ணு இதுல தேறுனா. தெருவே கொண்டாடுச்சு. ஆனா காசு வரல. ஏன்னா பள்ளிக்கூடத்துப் பதிவுல பேருக்கு முன்னாடி அப்பா இனிஷியல் மட்டும் இருக்கு, ஆதார்ல இனிஷியலே இல்ல, பேங்க் பாஸ்புக்ல அப்பா பேரு முழுசா பின்னாடி ஒட்டிக்கிட்டு இருக்கு. மூணுமே அவதான், ஆனா கம்ப்யூட்டருக்கு மூணு பேரு. அவங்க அப்பா மீன் ஏத்துற வேலை, ஒரு நாள் லீவு போட்டு இ-சேவை மையம் போனாரு, சர்வர் டவுன். இன்னொரு நாள் போனாரு, பேங்க்ல எழுதி வாங்கிட்டு வாங்கன்னாங்க. மூணாவது நாள் அவரு போகல. "விடு தம்பி, வர்ற காசை விட போற காசு ஜாஸ்தியா இருக்கு"ன்னுட்டாரு. அவரு சொன்னது தப்பே இல்ல, மூணு நாள் கூலி போச்சுன்னா அந்த வாரம் அடுப்பு எப்படி எரியும்.

ட்ரஸ்ட்டுல ஒரு அக்கா இருக்காங்க, ஸ்கூட்டி ஓட்டுவாங்க, எந்த ஆபீஸ்ல எந்த நேரத்துல யாரு சீட்டுல இருப்பாங்கன்னு அவங்களுக்கு அத்துப்படி. அந்தப் பொண்ணையும் அவ அம்மாவையும் கூட்டிட்டு போயி ஒரே வாரத்துல ஆதார்ல திருத்தி, பேங்க்லயும் மாத்தி, போர்ட்டல்ல ஏத்திட்டாங்க. மொத்தச் செலவு ஜெராக்ஸ், பெட்ரோல், கட்டணம் எல்லாம் சேத்து ஐநூறைத் தாண்டல. ஐநூறு ரூபா 48,000-த்தைத் தொறந்து விட்டுருக்கு. போட்டோ எடுக்க அங்க ஒண்ணுமே இல்ல பாருங்க, ஒரு ஜெராக்ஸ் கட்டைப் புடிச்சிட்டு நாலு பேரு நின்னா யாரு லைக் போடுவா? அதனாலதான் இந்த வேலை வெளிய தெரியவே மாட்டேங்குது.

இன்னொரு விஷயம், இந்த உதவித்தொகையை வருஷா வருஷம் புதுப்பிக்கணும். ஒரு வருஷம் மறந்தா அந்த வருஷத்துக் காசு போச்சு. ஞாபகம் வச்சு "உன்னோடது ரினியூவல் பண்ணியாச்சா?"ன்னு கேக்குறதுக்கு ஒரு ஆளு வேணும். அதுக்கு எந்தத் திட்டத்துலயும் நிதி ஒதுக்கீடு கிடையாது.

## பொருள் குடுத்தா மட்டும் ஏன் பத்தாது

கென்யா நாட்டுல புசியான்னு ஒரு பகுதி. 1990-கள்ல அங்க ஒரு தொண்டு நிறுவனம் கிராமத்துப் பள்ளிகளுக்குப் பாடப்புத்தகம் இலவசமா குடுத்துச்சு. அதை மைக்கேல் க்ரெமரும் கூட இருந்த ஆய்வாளர்களும் அளந்து பாத்தாங்க, குடுத்த பள்ளி, குடுக்காத பள்ளி ரெண்டையும் ஒப்பிட்டு. புத்தகம் வந்துச்சு, மார்க்கு ஏறியிருக்கணும்ல? சராசரியா பாத்தா ஏறவே இல்ல. ஏற்கனவே நல்லாப் படிக்கிற புள்ளைங்களுக்கு மட்டும் கொஞ்சம் உதவுச்சு. காரணம், புத்தகம் இங்கிலீஷ்ல இருந்துச்சு, அந்தப் புள்ளைங்கள்ல பல பேருக்கு இங்கிலீஷ் மூணாவது மொழி. வாசிக்கவே முடியாத புள்ள கையில புத்தகம் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன.

இதைக் கேட்டதும் "அப்போ புத்தகம் குடுக்கவே கூடாதா"ன்னு கேக்காதீங்க, அடைப்பு எங்க இருக்குன்னு பாக்காம குடுத்தா வேலைக்கு ஆகாதுங்கிறதுதான் விஷயம். வாய்க்கா மேக்கால அடைச்சிருக்கும்போது கிழக்கால போயி மண்ணு வெட்டுன கதைதான்.

## பஸ்ஸைத் தவற விட்ட புள்ளைங்க

வகுப்பறையை ஒரு டவுன் பஸ்ஸா நெனைச்சுக்கோங்க. டீச்சர்தான் டிரைவர், சிலபஸ்தான் ரூட்டு, மார்ச் மாசத்துக்குள்ள கடைசி ஸ்டாப் போய்ச் சேரணும். ரெண்டாவது ஸ்டாப்புல ஒரு புள்ள ஏறல, காய்ச்சலா இருக்கலாம், அம்மா கூட நாத்து நடப் போயிருக்கலாம், என்னவோ. பஸ்ஸு நிக்குமா? போயிட்டே இருக்கும். அந்தப் புள்ள மூணாவது ஸ்டாப்புலயும் ஏற முடியாது, நாலாவதுலயும் முடியாது, ஏன்னா அது இன்னும் ரெண்டாவது ஸ்டாப்புல நின்னுட்டு இருக்கு. ஆனா நம்ம ஊர்ல எட்டாவது வரைக்கும் பெரும்பாலும் பாஸ்தான், அதனால ரிஜிஸ்டர்ல மட்டும் அது பஸ்ஸுக்குள்ள இருக்குற மாதிரியே காட்டும்.

எங்ககிட்ட ஏழாவது படிக்கிற ஒரு பையன் வந்தான். தமிழ்ப் புத்தகத்தைக் குடுத்து வாசிடான்னா கணீர்னு வாசிப்பான், தப்பே இருக்காது. ஒரு நாள் தற்செயலா பாக்குறேன், அவன் தொறந்து வச்சிருந்தது வேற பக்கம். கேட்டுக் கேட்டு மனப்பாடம் பண்ணி வச்சிருந்திருக்கான், விரல் மட்டும் வரிக்கு வரி நகருது. விரலைப் புடிச்சு "இது என்ன எழுத்துடா"ன்னு கேட்டேன், தலையைக் குனிஞ்சுக்கிட்டான். அஞ்சு வருஷமா அந்த வித்தையிலயே தப்பிச்சிருக்கான், மூளை இல்லாத புள்ளையா அது?

இவன் ஒருத்தன் கதைன்னு நெனைச்சிராதீங்க. ப்ரதம்னு ஒரு தொண்டு நிறுவனம், மும்பையில ஆரம்பிச்சது, 2005-லருந்து அசர்னு ஒரு கணக்கெடுப்பு நடத்துறாங்க. பள்ளிக்கூடத்துக்குப் போகாம கிராமத்துல வீடு வீடா போயி புள்ளையை உக்கார வச்சு வாசிக்கச் சொல்லிப் பாப்பாங்க. 2024-ல எடுத்ததுல, நாடு முழுக்க கிராமத்துல அஞ்சாவது படிக்கிற புள்ளைங்கள்ல ரெண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிஞ்சது 48.8 சதவீதம் பேருக்குத்தான். பாதிக்கு மேல வாசிக்க முடியல. எழுத்துக் கூட்டி வாசிக்கிறது, சின்னக் கூட்டல் கழித்தல், இதைத்தான் அடிப்படைக் கற்றல்னு சொல்றாங்க, அது இல்லாம மேல எதைக் கட்டுனாலும் நிக்காது.

அதுக்கு என்ன மருந்து? அதே ப்ரதம் மும்பையிலயும் வதோதராவுலயும் பால்சகின்னு ஒண்ணு நடத்துனாங்க, "குழந்தையோட தோழி"ன்னு அர்த்தம். அதே ஏரியாவுல பள்ளிப் படிப்பு முடிச்ச ஒரு பொண்ணை எடுத்து, கொஞ்ச நாள் பயிற்சி குடுத்து, சின்னதா ஒரு சம்பளம் போட்டு, மூணாவது நாலாவதுல பின்தங்குன புள்ளைங்களை மட்டும் தினம் ரெண்டு மணி நேரம் தனியா கூட்டி வச்சு அடிப்படையச் சொல்லிக் குடுக்க வச்சாங்க. பெரிய டிகிரி இல்ல, டேப்லெட் இல்ல, ஒண்ணும் இல்ல. அளந்து பாத்தா மார்க்கு நல்லாவே ஏறியிருந்துச்சு, அதுலயும் ரொம்பப் பின்தங்குன புள்ளைங்களுக்குத்தான் அதிகம். இதை ஆராய்ச்சி பண்ணவங்கள்ல இருந்த அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ, அப்புறம் மேல சொன்ன கென்யா க்ரெமர், இவங்க மூணு பேருக்கும் 2019-ல பொருளாதார நோபல் கெடைச்சுது, வறுமை ஒழிப்புல எது வேலை செய்யும்னு இப்படிச் சோதிச்சுப் பாத்ததுக்காக.

நம்ம ஊர்ல கொரோனாவுக்கு அப்புறம் 2021-ல வந்த இல்லம் தேடிக் கல்வியும் கிட்டத்தட்ட இந்த யோசனைதான், அந்தத் தெருவுலயே இருக்குற ஆளு சாயங்காலம் புள்ளைங்களைக் கூட்டி வச்சுச் சொல்லிக் குடுக்குறது, மாசம் 1,000 ரூபா ஊக்கத்தொகைன்னு ஆரம்பிச்சாங்க. பல சின்ன ட்ரஸ்ட்டுங்க காலங்காலமா ஓட்டுற "ஃப்ரீ டியூஷன்" ஒழுங்கா நடந்தா அதுவும் இதேதான். ஒழுங்கா நடந்தான்னு சொல்றேன், ஏன்னா நெறைய எடத்துல டியூஷன்ங்கிற பேர்ல அதே ஏழாவது பாடத்தை இன்னொரு தடவை போர்டுல எழுதிப் போட்டுட்டுப் போயிடுறாங்க. பஸ்ஸைத் தவற விட்டவனுக்கு அதே பஸ்ஸை இன்னொரு தடவை தூரத்துலருந்து காட்டுனா என்ன புண்ணியம்? ரெண்டாவது ஸ்டாப்புக்கு ஆளு போகணும். வகுப்பைப் பாக்காம, புள்ளைக்கு என்ன தெரியும்னு பாத்து உக்கார வைக்கணும். ஏழாவது பையன் மூணாவது பொண்ணு பக்கத்துல உக்காரக் கூச்சப்படுவான், அதுக்கு நாங்க "நீதான் லீடரு, பாப்பாவுக்குச் சொல்லிக் குடு"ன்னு ஏதாச்சும் பொய் சொல்லித்தான் உக்கார வைப்போம்.

இதுவரைக்கும்: ட்ரஸ்ட் எடுக்குற அடைப்பு பெரும்பாலும் ரெண்டு வகை. ஒண்ணு, காகிதம் அலைச்சல்னு வர்ற மறைமுகச் செலவு. இன்னொண்ணு, அடிப்படை தெரியாமலே மேல ஏத்தி விடப்பட்ட புள்ளைங்க.

## இதுல ஊரு எப்படி பலமாகுது?

"சமூகத்தை வலுப்படுத்துறோம்"னு எல்லா நோட்டீஸ்லயும் போட்டிருப்பாங்க, ஆனா அப்படின்னா என்னன்னு யாரும் சொல்றதில்ல. நம்மகிட்ட அதுக்கு ஒரு நல்ல உதாரணம் இருக்கு, மொய் நோட்டு. யாரு வீட்டு விசேஷத்துக்கு யாரு எவ்வளவு வச்சாங்கன்னு அதுல இருக்கும், ஆனா உண்மையில அதுல எழுதியிருக்குறது காசு இல்ல, "எனக்கு ஒண்ணுன்னா இவங்க வருவாங்க"ங்கிற நம்பிக்கை. இந்த மாதிரி ஆளுக்கு ஆளு இருக்குற நம்பிக்கையையும் பழக்கத்தையும்தான் படிச்சவங்க சமூக மூலதனம்னு சொல்றாங்க. பேங்க்ல போட முடியாது, ஆனா செலவு பண்ணலாம்.

இது ஒண்ணும் புதுசு இல்ல. விருதுநகர்ல சத்திரிய வித்யாசாலா பள்ளிக்கூடம் பிடியரிசியில வளந்துச்சுன்னு சொல்லுவாங்க. வீட்டு வீட்டுக்கு உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்து தனிப் பானையில போட்டுருவாங்க, அதைச் சேகரிச்சு வித்து பள்ளிக்கூடம் நடந்துச்சு. காமராஜர் படிச்ச பள்ளிக்கூடம் அது. அந்த ஒரு பிடியில என்ன நடக்குது பாருங்க: தன் வீட்டு அரிசி போன பள்ளிக்கூடத்துல வாத்தியாரு வரலன்னா அந்தம்மா சும்மா இருப்பாங்களா? அப்புறம் காமராஜர் முதலமைச்சரா இருந்தப்போ, நெ.து. சுந்தரவடிவேலு கல்வித்துறை இயக்குநரா இருந்து பள்ளிச் சீரமைப்பு மாநாடுன்னு ஊர் ஊரா நடத்துனாங்க, ஊர்க்காரங்களே மேசை, நாற்காலி, பாத்திரம்னு கொண்டாந்து குடுத்தாங்க. எல்லாம் அதே பிடியரிசி யோசனைதான்.

எங்க கதைக்கு வர்றேன். ஆரம்பத்துல வகுப்பை ராத்திரி ஏழு மணிக்கு வச்சோம், நாங்க வேலைக்குப் போய்ட்டு வர்றதுக்கு அதான் தோது. ஒரு மாசத்துல பொம்பளப் புள்ளைங்க பாதி நின்னுருச்சு. "படிப்புல ஆர்வம் இல்ல"ன்னு நாங்களே தீர்ப்பு எழுதிட்டோம். அப்புறம் ஒரு அம்மாதான் சொன்னாங்க, "தம்பி, அந்த முக்குல லைட்டு எரியல, எப்படி அனுப்புறது?" அவ்வளவுதான் விஷயம். வகுப்பை அஞ்சரைக்கு மாத்துனோம். புள்ளைய விட வர்ற அம்மாங்க திண்ணையில உக்காந்து பேச ஆரம்பிச்சாங்க, வேற வேற தெரு, முன்னாடி கோயில் திருவிழாவுல பாத்தா கூட முகத்தைத் திருப்பிக்கிறவங்க, அவங்கள்ல ஏழெட்டுப் பேரு சேந்து லைட்டுக்கு மனு எழுதிக் குடுத்தாங்க. லைட்டு வந்துச்சு. அடுத்து அவங்கள்ல ரெண்டு பேரு பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு வந்தாங்க. அது என்னன்னா, 2009 கல்வி உரிமைச் சட்டப்படி அரசுப் பள்ளியில இருக்க வேண்டிய குழு, முக்கால்வாசிப் பேரு பெத்தவங்களா இருக்கணும், பாதிப் பேரு பெண்களா இருக்கணும். பேப்பர்ல எல்லா ஊர்லயும் இருக்கு. கையெழுத்துப் போடுறதோட நிக்காம வாயைத் தொறந்து கழிவறைக்குத் தண்ணி வரலன்னு கேக்குறதுக்குத் தைரியம் வேணும்ல, அது இந்தத் திண்ணையிலருந்துதான் வந்துச்சு.

அந்த இனிஷியல் பொண்ணு இப்ப காலேஜ் ரெண்டாம் வருஷம். சனிக்கிழமை வந்தா மொத வேலையா எட்டாவது புள்ளைங்களோட ஆதார் ஜெராக்ஸை வாங்கி பேரைத்தான் பாக்குறா.

## வெளிலருந்து வர்ற உதவி வேற கதை

2004 டிசம்பர் 26 சுனாமிக்கு அப்புறம் எங்க மாவட்டத்துக்கு வந்த உதவி கொஞ்ச நஞ்சம் இல்ல. நல்ல மனசோடதான் அனுப்புனாங்க, மறுக்கல. ஆனா லாரி லாரியா வந்த பழைய துணி ரோட்டோரத்துல மலை மாதிரி குவிஞ்சு கெடந்ததை இந்தப் பக்கத்து ஆளுங்க யாரும் மறக்க மாட்டாங்க. வேணுமான்னு கேக்காம வந்த துணி. பெரிய நிறுவனங்கள் காசு கொண்டாரும், ஆளு கொண்டாரும், ஆனா ப்ராஜெக்ட் முடிஞ்சா போயிரும், போகத்தான் செய்யும். ஒண்ணாவது சேந்த புள்ள பன்னெண்டாவது முடிக்க பன்னெண்டு வருஷம் ஆகும், மூணு வருஷ ப்ராஜெக்ட் அதுல எந்த மூலைக்கு?

அதுக்காக பெருசெல்லாம் வேஸ்ட்டுன்னு சொல்லல. நடிகர் சூர்யா 2006-ல ஆரம்பிச்ச அகரம், 2010-லருந்து விதைன்னு ஒரு திட்டத்துல அரசுப் பள்ளிப் புள்ளைங்களைக் காலேஜ்ல சேத்து விடுறாங்க, தன்னார்வலர்கள் வீட்டுக்கே போயி நெலமையைப் பாத்துட்டுத்தான் எடுக்குறாங்க. பெருசா இருந்தாலும் திண்ணை வரைக்கும் வர்ற வழியை வச்சிருக்காங்க.

ஒண்ணு மட்டும் கறாரா சொல்லிடுறேன். டீச்சர் போஸ்ட்டு காலியா இருந்தா அதை அரசாங்கம்தான் போடணும். வாலண்டியரை வச்சு அந்த ஓட்டையை அடைக்கிறது தொண்டு இல்ல, வாய்க்கா வெட்டுறவனையே அணையும் கட்டச் சொல்ற மாதிரி.

## சரி, எதை நம்பி காசு குடுக்குறது?

சட்டப்படி இவங்க ட்ரஸ்ட்டா இருக்கலாம், சொசைட்டியா பதிவு பண்ணியிருக்கலாம், லாபம் பிரிக்காத கம்பெனியா இருக்கலாம், அந்த வித்தியாசம் உங்களுக்கு இப்போதைக்குத் தேவையில்ல. 80ஜின்னு ஒரு அனுமதி வாங்கியிருந்தா நீங்க குடுக்குறதுல பொதுவா பாதித் தொகைக்கு வருமான வரியில கழிவு கேக்கலாம், பழைய வரி முறையில இருந்தா மட்டும், ரொக்கமா 2,000-த்துக்கு மேல குடுத்தா கழிவு கெடையாது. கருப்புப் பணக் கட்சிக்காரங்க சொல்ற ஆளுங்களும் இருக்காங்க, இல்லைன்னு சொல்ல மாட்டேன். ரசீது கேளுங்க, தணிக்கைக் கணக்கு கேளுங்க, முகம் சுளிச்சா அங்கருந்து கெளம்பிருங்க.

ஆனா கணக்கு சரியா இருக்குறதால மட்டும் வேலை சரியா நடக்குதுன்னு ஆயிராது. "எத்தனை பேருக்கு பேக் குடுத்தீங்க"ன்னு கேக்காம, "போன வருஷம் வந்த புள்ளைங்கள்ல எத்தனை பேரு இப்பவும் படிக்குது, வராதது எங்க போச்சு"ன்னு கேட்டுப் பாருங்க. பேக் கணக்கு எல்லார்கிட்டயும் இருக்கும், இந்தக் கணக்கு வேலை செய்யுறவங்ககிட்ட மட்டும்தான் இருக்கும்.

எங்ககிட்ட கேட்டா ஒரு பச்சை அட்டை நோட்டை எடுத்துப் போடுவோம். போன ஜூன்ல 34 பேரு, இப்ப 27. போன ஏழு பேருக்கும் பக்கத்துலயே எழுதியிருக்கும்: மூணு பேரு குடும்பத்தோட திருப்பூர், ரெண்டு பேரு ஹாஸ்டல், ஒரு பொண்ணு பாட்டியைப் பாத்துக்குறா, அந்த ஸ்கூட்டி அக்கா அவ வீட்டுக்கே போயி சொல்லிக் குடுக்குறாங்க. ஏழாவது பேருக்கு நேரா ஒண்ணும் எழுதல. ஏன் நின்னான்னு இன்னும் தெரியல, ஞாயித்துக்கிழமை அவன் வீட்டுக்குப் போகணும்.